ஆர்டிஸ் வாங்கிய கெட்டிச்சுவர் கேம்பர்

ஆர்டிஸ் மோக்கின் ஆயுளில் பாதி ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கழிந்தது. பிக்ஹார்ன் பள்ளத்தாக்கில் இலை உதிரத் தொடங்கினால் சர்க்கரை ஆலைக்குப் போகும் வெள்ளை பீட்ரூட் லாரிகள் வரிசை கட்டிவிடும். வயலிலிருந்து வரும் ஒவ்வொரு லாரியும் எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். பாரத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் நிற்க வேண்டும். இரண்டு எடையையும் பார்த்து, பீட்ரூட்டில் ஒட்டிய மண்ணுக்குக் கொஞ்சம் கழித்துச் சீட்டுக் கொடுப்பது ஆர்டிஸின் வேலை. அறுவடை இல்லாத மாதங்களில் நெடுஞ்சாலை ஓர மோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு அந்த ஊரில் கிடைக்கக்கூடிய வேலைகள் அவை.

அவள் அதிகம் பேசமாட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த டிரைவர் வீட்டில் சண்டை, எவன் நேற்று குடித்தான் என்பது முகம் பார்த்தே தெரியும். ஆனால் வாயைத் திறந்து கேட்டதில்லை. "என் வண்டி இவ்வளவுதான் நிக்குதா?" என்று விவசாயிகள் சத்தம் போட்டால் திரையில் ஒளிரும் எண்ணைச் சொல்வாள். மறுபடி கத்தினால் மறுபடியும் அதே எண்ணைச் சொல்வாள். வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் கூட அவள் சொன்ன எடையில் குறை கண்டதில்லை. உலகத்தில் தனக்கென்று இருப்பது அந்த ஒரு நல்ல பெயர்தான் என்று அவள் நினைத்தாள்.

எடைமேடைக்கு அப்பால் பீட்ரூட்டை மலையாகக் குவிக்கும் இயந்திரத்தின் அருகே நின்று லாரிகளுக்குக் கை காட்டுகிறவள் ட்வைலா. ஆள் பெரிய உருவம். இரண்டு கணவர்களை வழியனுப்பியவள். அவள் சிரித்தால் இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். ஆர்டிஸுக்கும் அவளுக்கும் எப்படி ஒத்துப்போனது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ட்வைலா எடை அறைக்குள் வந்து உட்கார்ந்து, இரண்டு பேருக்குமான பேச்சைத் தானே பேசிவிட்டுப் போவாள். ஆர்டிஸ் வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் ட்வைலா வெளியே கை காட்டினாள்.

"இந்த ரோட்டுல வடக்காலயே போய்ட்டிருந்தா எங்கடி முடியும்?"

ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. ட்வைலா ஒரு டிரைவரிடம் கேட்டு வைத்திருந்தாள். கனடாவுக்குள் போய், தார் முடிந்து, சரளைக்கல் பாதையாகி, கடைசியில் பனிக்கடலில் முடிகிறதாம். அந்தத் தண்ணீரில் காலை வைக்க வேண்டும் என்றாள்.

"ரெண்டு பேரும் போவோம். வண்டி உன்னுது, சமையல் என்னுது. பேச்சும் என்னுது. நீ ஓட்டுனா போதும்."

'ரெண்டு பேரும்' என்று ஆர்டிஸைச் சேர்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை. கடலை அவள் கண்ணால் பார்த்ததும் இல்லை. சரி என்றாள். மனசுக்குள் அப்போதே கிளம்பிவிட்டாள்.

அவளிடம் பின்பக்கம் திறந்த ஒரு பிக்கப் வண்டி இருந்தது. அதன் முதுகில் ஏற்றி வைக்கிற ஒரு சின்ன வீடு, கேம்பர், வேண்டும். இதில்தான் இழுபறி தொடங்கியது. ட்வைலாவுக்குத் துணிச்சுவர் கேம்பர் போதும். கூரையைத் தூக்கினால் நான்கு பக்கமும் கூடாரத் துணி விரியும். எடை குறைவு, விலையும் மலிவு, அடுத்த வாரமே கிளம்பிவிடலாம். ஆர்டிஸ் மாட்டேன் என்றாள். கரடி நடமாடும் மலையடிவார முகாம்களில் துணிச்சுவருக்கு அனுமதி இல்லை, கெட்டிச்சுவர் மட்டுமே என்று வாசலிலேயே பலகை இருக்கும். அந்தப் பலகையை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். துணிக்கு அந்தப் பக்கம் கரடி மூச்சு விடுவதாக அடிக்கடி கனவும் வரும்.

"கரடி வந்தா முதல்ல என்னைத்தான் பாக்கும். என்னைத் தின்னு முடிக்கறதுக்குள்ள நீ ஊரு போய்ச் சேர்ந்துருவ" என்றாள் ட்வைலா.

ஆர்டிஸ் சிரித்தாளே தவிர இறங்கி வரவில்லை.

கெட்டிச்சுவர் கேம்பர் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைப்பவையும் கனமானவை, பெரிய வண்டிக்குத்தான் ஆகும். ஆர்டிஸின் வண்டி குறைந்த சுமைக்கான அரை டன் வகை. ஆளும் சுமையும் சேர்த்து எத்தனை பவுண்டு தாங்கும் என்று கதவு நிலையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவளுக்கு அது வேதவாக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். ஒரு பண்ணை வீட்டின் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று இருந்தது. உள்ளே ரொட்டி சுடும் அடுப்பு, மஞ்சள் திரைச்சீலை. ட்வைலா அடுப்பைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். ஆர்டிஸ் ஏணியில் ஏறி, வண்டியின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் மூலையில் கட்டைவிரலை அழுத்தினாள். விரல் பொதுக்கென்று உள்ளே போனது. மழைநீர் இறங்கி மரச்சட்டம் உளுத்திருந்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னொன்றில் மரம் நன்றாக இருந்தது, ஆனால் அதன் எடையை வண்டி தாங்காது. மற்றொன்றை வண்டியில் ஏற்றி இறக்கும் நான்கு கால்களில் ஒன்று வளைந்திருந்தது. இப்படியே இரண்டு கோடைகள் போயின. ட்வைலா பகடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டாள். மூன்றாவது வசந்தத்தில், தனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, கடல் காத்திருக்கும், கால் காத்திருக்காது என்று மட்டும் சொன்னாள்.

அந்த வசந்தத்தில்தான் சரியானது அகப்பட்டது. படகு செய்வதுபோல் ஃபைபர் கண்ணாடி இழையில் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிய பழைய கேம்பர். உளுத்துப்போக உள்ளே மரமே கிடையாது. விற்றவர் ஒரின் என்ற கிழவர். மான் வேட்டைக்கு வைத்திருந்தது.

"அரை டன் வண்டியிலதாம்மா நானும் ஏத்திட்டுப் போனேன். ஒண்ணும் ஆகல" என்றார்.

"நீங்க தனியாளா போனீங்களா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

ஆமாம் என்றார். ஆர்டிஸ் கதவு நிலையில் இருந்த காகிதத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ட்வைலா அதற்குள் மேல் படுக்கையில் ஏறிப் படுத்து, கூரையைத் தட்டிப் பார்த்து, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வாங்கி ஏற்றி வந்தார்கள்.

கோடை பிறந்து, கிளம்ப ஒரு வாரம் இருந்தது. ஆர்டிஸுக்கு மனசு கேட்கவில்லை. கோடையில் எடைமேடை சும்மா கிடக்கும். சாவி அவளிடம் இருந்தது. பயணத்துக்குப் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றினாள். தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். எரிவாயு, மாவு, பீன்ஸ் டப்பாக்கள், ட்வைலாவின் இரும்பு வாணலிகள். எடை பார்ப்பதென்றால் முழுதாகப் பார்க்க வேண்டும், அரைகுறை ஆகாது என்பது அவள் கொள்கை. ட்வைலா வண்டியில் உட்கார்ந்து மேடையில் ஏற்றினாள். ஆர்டிஸ் அறைக்குள் போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் எண் வந்தது. வெறும் வண்டியின் எடையைக் கழித்து, தன் எடையையும் மனசில் கூட்டிப் பார்த்தாள். அனுமதித்ததைவிட இருநூற்றிருபது பவுண்டு அதிகம். சரளைக்கல் பாதையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், அச்சு முறிந்தால் என்ன கதி?

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். ஜன்னலைத் தள்ளி, "ட்வைலா, கொஞ்சம் இறங்கு" என்றாள்.

வேறு எண்ணம் எதுவும் இல்லை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கைப்பழக்கம். பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். அந்தக் கணத்தில் தன் மனசில் கல்மிஷம் இருந்ததா என்று துருவிப் பார்த்தாள். இல்லை. இருந்திருந்தால்கூட ஒரு மன்னிப்பு கேட்டு முடித்திருக்கலாம்.

ட்வைலா இறங்கி, மேடையை விட்டு விலகி நின்றாள். டிரைவர்கள் பார்ப்பதற்காக வெளியேயும் ஒரு பலகை உண்டு. அதில் சிவப்பு எண்கள் சரசரவென்று இறங்கி நின்றன. ஆர்டிஸைக் கூட்டினாலும் வண்டி தாங்குவதற்கு இன்னும் இருபது பவுண்டு மிச்சம். ட்வைலா தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் இல்லேன்னா சரியா இருக்கு. இல்ல?"

"ஆமா" என்றாள் ஆர்டிஸ்.

அது உண்மைதான். காலமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்ன வாய் அன்றைக்கும் சொன்னது. சொன்ன பிறகு அடுத்து ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது, என்னவென்று அகப்படவில்லை. ட்வைலா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சீட்டு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்றாலும் ஆர்டிஸ் கையில் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"பீட்ரூட்டுல மண்ணைக் கழிக்கற மாதிரி கழிச்சுட்ட" என்றாள் ட்வைலா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆர்டிஸும் சிரித்துவிட்டாள், வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று. ட்வைலா தன் வாணலிகளை எடுத்துக்கொண்டு, வீடு பக்கம்தானே என்று நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து ஆர்டிஸ் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வாசலில் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பொறி தட்டியது. தொட்டித் தண்ணீரின் எடையும் ட்வைலாவின் எடையும் ஏறத்தாழ ஒன்று. வழியில் எந்த ஊரில்தான் தண்ணீர் கிடைக்காது? பெட்ரோல் போடும் இடத்தில் குடத்தில் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. பவுண்டு பவுண்டாகக் கணக்குப் பார்க்கிறவளுக்கு, இறக்க வேண்டியது எது என்று அந்த நேரத்தில் தெரியாமல் போனது.

உடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ட்வைலாவின் வீடு தெரு முனைதான். ஆனால் எப்படிச் சொல்வது? உனக்குப் பதிலாகத் தண்ணீரை இறக்கிவிட்டேன் என்றால் அதுவும் ஒரு எடைக் கணக்காகத்தானே கேட்கும்? வார்த்தைகளைக் கோர்த்துப் பார்த்தாள், பிரித்தாள். நாளை, நாளை என்று தள்ளினாள். அந்த வாரக் கடைசியில், மோட்டலில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது வரவேற்பு மேசையில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ட்வைலாவும் அவள் சித்தி மகள் பெர்னடீனும் ஒரு துணிச்சுவர் கேம்பர் வாங்கி அன்று காலையே வடக்கே கிளம்பிவிட்டார்களாம்.

ஆர்டிஸும் கிளம்பினாள், தனியாக. மலையடிவார முகாம் வரை போனாள். வாசலில் நின்ற காவலர் கேம்பரின் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டியா இருக்கும்மா, போங்க" என்றார். இரண்டு இரவு அங்கே இருந்தாள். பக்கத்து வண்டிகளில் யார் யாரோ யார் யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. மேல் படுக்கையில் தன் பக்கத்தில் மட்டுமே படுத்தாள். கரடி வரவில்லை. வடக்கே போகும் சாலை அங்கிருந்து பிரிந்து போயிற்று; அவள் வந்த வழியே திரும்பினாள். கேம்பரை இறக்கி, அதன் நான்கு கால்களில் கொல்லையில் நிறுத்தினாள். விற்கவும் மனம் வரவில்லை.

அறுவடை தொடங்கியது. ட்வைலா அந்த வருஷம் முழங்காலுக்காகக் கை காட்டும் வேலையை விட்டு, லாரி ஓட்ட வந்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் எடை அறைக்கு வரவில்லை. வெளியே டிரைவர்கள் நடுவில் நின்று கதை சொல்வாள். கெட்டிச்சுவர் முகாம்களில் விரட்டிவிட்டதையும், பெட்ரோல் நிலைய முற்றங்களில் தூங்கியதையும், காற்றில் கூரைத்துணி படபடத்துக் கழன்றதையும், கடலில் காலை வைத்ததும் கெட்ட வார்த்தையில் கத்தியதையும் சொல்வாள். ஆர்டிஸுக்கு எல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்கும். மேடையில் வந்து நிற்கும்போது மட்டும் ட்வைலா மரியாதையாகத் தலையசைப்பாள், சீட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வாள். திட்டியிருந்தால் தேவலை.

அறுவடை முடியப் போகும் ஒரு பிற்பகலில், ட்வைலாவின் லாரி வந்து நின்றதும் ஆர்டிஸ் ஜன்னலை முழுசாகத் தள்ளித் திறந்தாள்.

"ட்வைலா, அன்னைக்குத் தண்ணிய இறக்கியிருந்தாப் போதும். உன் எடைக்கு அது சரியாப் போயிருக்கும்."

ட்வைலா ஸ்டீயரிங் மேல் கைகளை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் ஆர்டிஸ். நானும் இத்தனை வருஷம் லாரிகளோடதான் இருக்கேன். நீ சொல்லுவேன்னுதான் வெயில்ல நின்னுட்டிருந்தேன்."

ஆர்டிஸின் வாய் திறந்தது. நீ வா, அடுத்த கோடையில் போகலாம் என்று சொல்லலாம். என்னை மன்னித்துவிடு என்று சொல்லலாம். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ட்வைலா சற்று நேரம் பொறுத்தாள். நியாயமாகப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே பொறுத்தாள்.

பிறகு, "வண்டி எவ்வளவு நிக்குது?" என்று கேட்டாள்.

ஆர்டிஸ் திரையைப் பார்த்து எடையைச் சொன்னாள்.