யாராலும் ஆக்க முடியாத அழகேசன்

“என்னைய எவனும் எதுவாவும் ஆக்க முடியாதுங்க. நான் சப்ஜெக்ட்டு!”

தலையில் வந்து இறங்கிய பஞ்சைச் சாக்பீஸ் விரலால் தட்டிவிட்டபடி அழகேசன் இப்படிப் பிரகடனம் செய்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரம்பலூரில் ஒரு பஞ்சுக் கிடங்கின் மேல்மாடியில் அவருடைய டுடோரியல் நடக்கிறது. கீழே மூட்டை பிரித்தால் மேலே ஜன்னல் வழியாகப் பஞ்சு மிதந்து வரும். யாரும் அவசரப்படுத்தாத பஞ்சு. அது பாட்டுக்குச் சுற்றிவிட்டு, பிடித்த தலையில் உட்காரும். வகுப்பு முடிவதற்குள் அத்தனை பேருக்கும் நரைத்துவிடும்.

பிரகடனத்துக்கு ஆதாரம் உண்டு. தெரு விநாயகர் கமிட்டிக்குத் தலைவராக்கப் பார்த்தார்கள். அன்றைக்கென்று அவருக்கு வயிற்றுப்போக்கு. வார்டு மெம்பராக்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். மாப்பிள்ளையாக்க வந்தவர்கள் மூன்று முறை பஜ்ஜி தின்றதோடு சரி. நாற்பத்து மூன்று வயதில் அவர் அழகேசனாகவே இருந்தார். “நீங்க எங்களுக்கு அண்ணன் மாதிரி சார்” என்று யாராவது உருகினால், “மாதிரியெல்லாம் வேணாம். சார் போதும்” என்பார். வகுப்பில் கையைத் தூக்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அவர் கையைத் தூக்கி மட்டும் எவரும் பார்த்ததில்லை. தூக்க வேண்டிய இடத்தில் அவர் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

அவரிடம் வருகிறவர்கள் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பல தடவை மண்ணைக் கவ்விய பெரியவர்கள். அத்தனை பேரும் தடுக்கி விழுகிற கல் ஒன்றுதான்: ஆப்ஜெக்ட் காம்ப்ளிமென்ட்.

“தே மேட் முத்து லீடர். இதுல முத்து என்ன பண்ணான்? ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னான். அடுத்தவங்க ஆக்கிட்டாங்க. முத்து ஆப்ஜெக்ட்டு, லீடர் காம்ப்ளிமென்ட்டு. நடுவுல சமம் போடு. முத்துவும் லீடரும் ஒண்ணா? ஒண்ணு. சரி, ஷீ மேட் முத்து காபி. முத்துவும் காபியும் ஒண்ணா?”

மினி பஸ் கண்டக்டர் தர்மராஜ் கையைத் தூக்கினார். “சார், எம் பொண்டாட்டி என்னைய டெய்லி கூமுட்ட ஆக்குறா. அது காம்ப்ளிமென்ட்டா?”

“சந்தேகமே வேணாம். சமம் போட்டுப் பாரு, கச்சிதமா வரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் பாக்யலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. சிறுவாச்சூர்ப் பக்கத்து அங்கன்வாடியில் ஆயா. பத்தாவது தேறினால் டீச்சர் ஆகலாம். “சும்மா நிக்கிறவன எப்புடி சார் இன்னொண்ணா ஆக்க முடியும்?” என்று வாராவாரம் கேட்பாள். வாராவாரம் அவரும் சமம் போடுவார். அவளுக்கு ஏறாது.

எல்லாரும் போன பிறகு அழகேசன் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்பார். கண் செருகும்போது ஒரே கனவுதான். நாலு பேர் உட்காரும் பெஞ்சு; அதில் சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட் என்று எழுதியிருக்கும். முதல் இடத்தில் அவர் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். மற்ற மூன்று இடங்களிலும் பஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். கனவு அவ்வளவுதான். விழித்ததும், நல்ல கனவா கெட்ட கனவா என்று சற்று நேரம் விட்டத்தைப் பார்ப்பார்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, சிறுவாச்சூர்க் கோயிலில் பாக்யலட்சுமியின் பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும். வகுப்பிலிருந்து தர்மராஜும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள்; அழகேசனும் போயிருந்தார். மாணவர் வீட்டு விசேஷம் என்றால் சாப்பாட்டுக்கு மட்டும் அவர் சப்ஜெக்ட் இல்லை, விருந்தாளி. பெண்கள் மாவிளக்குக்கு உரலில் மாவிடிக்கும் சத்தம் தூக்கம் வருகிறாற்போலச் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. குடையை ஊன்றி வேப்பமரத்தடியில் நின்றார். மாவு மிதந்து வந்து சட்டையில் படிந்தது. பஞ்சு என்று நினைத்துத் தட்டினார்.

காது குத்த வேண்டுமென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பாக்யலட்சுமிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. திருப்பூரிலிருந்து வருகிறேன் என்ற ஒன்றுவிட்ட அண்ணன் வரவில்லை. பத்தர் தங்கக் கம்பியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

“பத்தரைக்கு எமகண்டம் பொறந்துரும்” என்றார்.

மாமியார் சின்னப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள். “ஒங்கண்ணன் என்னடி, திருப்பூருலேருந்து நடந்தா வரான்? நாதியத்த வூட்டுல பொண்ணெடுத்தா இப்புடித்தான். மாமன் இல்லாத காதுக்குத் தோடு ஒரு கேடு! தூக்குங்கடி புள்ளைய, வூட்டுக்குப் போவோம்.”

உலக்கைகள் நின்றன. மூன்று வயசுப் பையன், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பாக்யலட்சுமி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

“சார், மடி வேணும்.”

அழகேசன் குடையை இறுக்கிப் பிடித்தார். “ஏம்மா, நான் மாமன் இல்லியேம்மா.”

“இல்லதான் சார். நான் ஆக்குறேன்.”

“அதெப்படிம்மா...”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். சும்மா ஒக்காந்தா போதும்.” பார்வை அவரைவிட்டு நகரவில்லை. “எனக்கு இப்பதான் சார் புரிஞ்சுது.”

பின்னாலிருந்து தர்மராஜ், “சார், சமம் போடுங்க சார்!” என்றார்.

மறுப்பதற்கு அழகேசனிடம் எப்போதும் நாலைந்து வாக்கியங்கள் தயாராக இருக்கும். அதில் ஒன்றை அவர் எடுப்பதற்குள், பையன் அவருடைய சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடையைத் தர்மராஜிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். பாயில் சம்மணமிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்து, சுருக்கம் போக இரண்டு முறை நீவினார். பையனை வைத்ததும் சந்தனத் தலை அவருடைய நெஞ்சில் சாய்ந்து, வெள்ளைச் சட்டையில் வட்டமாக ஒட்டிக்கொண்டது.

பத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: “மாமன் யாருப்பா?”

அழகேசன் வலது கையால் பையனை அணைத்துக்கொண்டு, இடது கையை மெல்லத் தூக்கினார்.