பித்யாச் சோறு

இனி நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சீனி வருத்தம் சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேரும்வரை ஓட்டோவுக்குள் அழுதுகொண்டே வந்தேன். பிடிக்க முடியாத ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஓர் ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும். அதுதான் பித்யா. அரிசியாக அளந்து கொடுத்தாலே போதும், கடமை முடிந்துவிடும் என்று மௌலவி என் கணவரிடம் சொல்லியனுப்பினார். நான் கேட்கிற ஆளா? பட்டினிதான் கிடக்க ஏலாது, அடுப்படியிலாவது கிடந்து வேகிறேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

எங்கள் தெருவின் கடற்கரை முனையில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிற ஒரு விதவை இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுக்கே கொடுப்பதென்று முடிவு செய்தேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு இருப்பது காலையில்தான். கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக, கால் வீங்க வீங்கச் சோறாக்கி, தேங்காய்ப்பால் விட்டு மீன் பாலாணம் வைப்பேன். உச்சிநேர லுஹர் பாங்குக்கு முன்னர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாத்திரையைப் போட்டுப் படுத்தால் பொழுதுபட்டு மஃரிப் கழிந்துதான் கண் விழிப்பேன். உனக்கென்ன விசரா என்று என் கணவர் கேட்டுக் கேட்டே களைத்துப்போனார். அவளோ ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. இரண்டு கையாலும் வாங்கி, அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும் ராத்தா என்பாள். அதைக் கேட்பதற்காகவே மறுநாளும் எழும்பினேன். எனக்குள் பெருமையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் தூக்கம் வரவில்லை. என் சோற்றில் அவள் நோன்பு திறப்பதைப் பார்க்க ஆசை வந்து, மெல்ல மெல்ல நடந்து போனேன். பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் குந்தியிருந்து காய்ந்த பாண் துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். என் சோற்றுப் பார்சல் கோழிகளுக்கு முன்னால் பிரிந்து கிடந்தது. ஆணம் நுரைத்துப் புளித்த மணம் வந்தது.

முதலில் வந்தது கோபம்தான். செத்துப் பிழைத்து ஆக்கியதைக் கோழிக்குப் போடுகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் மண்டையில் உறைத்தது. பங்குனி வெயில், தகரக் கூரை, தேங்காய்ப்பால் ஆணம். மஃரிப் வரைக்கும் எப்படித் தாங்கும்? நாற்பது வருஷமாகப் பின்னேரம் அஸருக்குப் பிறகு அடுப்பு மூட்டி நோன்பு திறக்க ஆக்கியவள் நான். நோன்பை விட்டுப் பன்னிரண்டு நாளைக்குள் நோன்பாளியின் நேரமே எனக்கு மறந்துபோயிருந்தது. வெயிலில் கருவாடு புரட்டிவிட்டு வறண்ட வாயோடு நிற்கிறவளின் கையில், நட்டநடுப் பகலில், சுடச்சுடச் சோற்றை வைத்திருக்கிறேன். அதுவும் நாள் தவறாமல்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"எப்பிடி ராத்தா சொல்றது? நான் வேணாமெண்டா உங்கட கடமை நிண்டு போகுமே. உங்கட நோன்பு உங்களுக்குக் கிடைக்கட்டும் எண்டுதான் வாங்கினனான்."

மனதில் வைத்த நிய்யத்துத்தான் பெரிது, அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று கணவர் அன்றிரவு முழுக்கச் சொன்னார். அவன் ஏற்றுக்கொள்ளட்டும். அவளுடைய வயிற்றுக்கு யார் பதில் சொல்வது? அடுத்த நாள் காலையில் நான் குசினிப் பக்கமே போகவில்லை. போன நாட்களுக்கும் சேர்த்து அரிசி, பருப்பு, தேங்காயெல்லாம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கினேன். ஓட்டோக்காரருக்கு வேறு சவாரி இருந்ததால் அவர் போய்விட்டார். அவள் சாமான்களைப் பார்க்கவில்லை. சோற்றைக் கோழிக்குப் போட்டதற்கு மன்னிக்கச் சொல்லி என் கையைப் பிடித்தாள். அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன், எழும்ப ஏலவில்லை. நோன்போடு இருந்த அவள்தான் என்னைத் தூக்கி, தோளில் சாய்த்து, அந்த வெயிலில் வீடுவரை கொண்டுவந்து விட்டாள்.