ஆறு முறை எண்பத்தெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். மாமா, கழுத்தில் ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டு. அப்பா, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கண்ணோடு. விளையாட்டு டீச்சர், கையில் குடையும் தோளில் பையுமாக. நான், வெறுங்காலோடு. எருமைகளும் இருந்தன. அவற்றை நான் சேர்க்கவில்லை.

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில் இருந்தது அந்த ஏரி. கோடையில் வற்றிவிடும். நடுவில்தான் வெடிப்பு விடும், கரையோரம் தரை கெட்டியாக இருக்கும். மாமா டேப் பிடித்து இருநூறு மீட்டர் அளந்து, இந்தப் பக்கம் ஒரு குச்சியும் அந்தப் பக்கம் ஒரு கல்லும் நட்டிருந்தார். குச்சியிலிருந்து கல்வரை போய்த் திரும்பினால் நானூறு. அது ஒரு சுற்று. ஆறு சுற்று ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆறையும் கூட்டி, ஆறால் வகுத்து, இரண்டால் பெருக்கி, எட்டைக் கழித்தால் எண்ணூறு மீட்டர் பந்தயத்தில் எத்தனை வினாடி ஆகும் என்று வந்துவிடும். இது மாமா கண்டுபிடித்த கணக்கு. அது ஏன் எட்டு என்று டீச்சர் கேட்டிருக்கிறார். பந்தயத்தில் பக்கத்தில் ஆள் ஓடும், அந்தப் பயத்துக்கு எட்டு என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. டிப்ளமோ படித்தவர். அப்பா லேத் ஓட்டிய அதே கம்பெனியில் டைம் ஸ்டடி ஆபீசில் இருந்தார். ஒரு ஆள் ஒரு பீஸை முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பின்னால் நின்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அதை வைத்துத்தான் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று ஆபீசில் முடிவு செய்வார்கள். அந்த வருடம் அது தகராறாகி இருந்தது. ஐம்பத்திரண்டு வேண்டும் என்றது ஆபீஸ். நாற்பதுக்கு மேல் மனுசக் கைக்கு வராது என்று, எல்லோருக்குமாகச் சேர்த்து, அப்பா மேனேஜர் ரூமில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரே சட்டியிலிருந்து இரண்டு பேருக்கும் அம்மா களி போடுவாள். சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மாமா இல்லாத நேரமாகப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் வருவார்கள். அப்பா அவர்களுக்குச் சொல்வார்.

“வாட்சு வந்து பின்னாடி நின்னா கையத் தளத்திக்கடா. ஒரு நாளு ஓட்டிக் காட்டுனா மறுநாளு அதான் கணக்கு. அப்புறம் ரிட்டேர் ஆவுற வரைக்கும் அந்த ஓட்டந்தான்.”

நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கென்று சொன்னதில்லை. ஆனால் கேட்டேன்.

மாமா முதல் தடவை எனக்கு வாட்ச் பிடித்தபோது காலைத் தளர்த்திக்கொண்டேன். எண்பத்தெட்டு வந்தது. அதையே வைத்துக்கொண்டேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஓடினால் எண்பத்தெட்டில் சரியாகக் குச்சிக்கு வந்துவிடலாம். பழகிவிட்டால் கஷ்டமில்லை. மாமா கூட்டி, வகுத்து, பெருக்கி, கழித்து, பள்ளிக்கூடப் பந்தயத்தில் நான் இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டில் வருவேன் என்று டீச்சரிடம் முன்னாலேயே சொன்னார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். பந்தயத்தில் என் பக்கத்தில் ஆளே இல்லை. நூற்று அறுபத்தெட்டு வரை எண்ணிக்கொண்டு போனேன். இரண்டு நாற்பத்தெட்டு, முதல் இடம். அன்றிலிருந்து டீச்சருக்கு மாமாவின் கணக்கு மேல் பெரிய நம்பிக்கை.

அதற்குப் பிறகு கிருஷ்ணகிரியில் விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. எண்ணூறு மீட்டரை இரண்டு நாற்பதுக்குள் ஓட வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்பலாம். என்னைத் தவிர இன்னொருத்தி இருந்தாள், பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஓடாதவள். சனிக்கிழமை அவளை ஓடவிட்டுப் பார்த்ததில், கணக்குப்படி அவளுக்கு இரண்டு நாற்பத்து மூன்று. எனக்கு இடம் கிடைத்தால் பன்னிரண்டாவது வரை சாப்பாடும் படிப்பும் ஹாஸ்டலோடு போய்விடும். கிடைக்காவிட்டால் ஒன்பதாவதோடு போதும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். எனக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள். எனக்குப் போகத்தான் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் மாமா இருக்க மாட்டார், அங்கே ஓடிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

டீச்சர் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார், நான் கல்லைத் தொட்டுத் திரும்புகிறேனா என்று பார்க்க. மாமா குச்சியடியில் நின்றார். ஓடினேன். எண்பத்தெட்டு. மறுபடி எண்பத்தெட்டு. ஆறாவதும் எண்பத்தெட்டு. மாமா நோட்டைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார். கணக்குப் போடவில்லை. அப்பாவிடம் போனார்.

“மச்சான், இது ஓடுன டைமில்ல. அளந்து குடுத்த டைமு.”

“அப்படின்னா?”

“ஆறாவது சுத்துல யாரா இருந்தாலும் எளைக்கும். நாலு வினாடி, அஞ்சு வினாடி கூடும். இவளுக்கு முள்ளு அசையல. எங்க நோட்டுல உங்க லைனு முழுக்க இப்படித்தான் இருக்கு.”

அப்பா எருமைகளைப் பார்த்தார். “அவளால அவ்வளவுதான் முடியும், மாப்ள. முடிஞ்சா ஓட மாட்டாளா?”

“நீங்க ஒரு வார்த்த சொன்னா ஓடுவா.”

“என்னன்னு சொல்லச் சொல்ற?”

மாமா வாட்சைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார். தான் திரும்பி நின்றுகொள்வதாகவும், அப்பாவே பிடித்து ஏழாவதாக ஒன்று ஓடவிட்டுப் பார்க்கட்டும் என்றும் சொன்னார். சொன்னபடி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்பா கையில் வாட்சை அன்றுதான் பார்த்தேன். சுடுகிற டம்ளரைப் பிடிப்பதுபோல் விளிம்பில் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். “போ” என்றார்.

அப்பா என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். மாமா முன்னால் விட்டுக்கொடுத்துவிடுவேனா என்று பார்க்கிறார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா வாட்சைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், “எம்பத்தெட்டு” என்று வாசித்துவிட்டு மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

டீச்சர் கல்லடியிலிருந்து எழுந்து வந்தார். மாமா இரண்டு நாற்பத்தெட்டு என்றார். டீச்சர் என்னைத்தான் கேட்டார். “ஏம்மா, ஸ்கூல்ல ஓடுன அதேதானா? இத்தன நாளா என்னதான் ஓடுன?” பிறகு அப்பாவிடம், நாளைக்குப் படிவம் போக வேண்டும், மற்றவள் பேரை எழுதிவிடுகிறேன் என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

பஸ் குச்சிக்கு நேர்மேலே கரையில்தான் நிற்கும். மேலே ஏறிப்போனோம். தளி பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அப்போதுதான் டீச்சர் தோளைத் தொட்டுப் பார்த்தார். குடை இருந்தது, பை இல்லை. பை கல்லடியில் இருந்தது. படிவம் அதற்குள் இருந்தது.

“ஓடு பாப்பா, பஸ்சு போயிடும்” என்றார் அப்பா.

கரையிலிருந்து குதித்து ஓடினேன். எண்ணவில்லை. கல், பை, திரும்பினேன். கண்டக்டர் படியில் நின்று “பேக பாரம்மா, பேக” என்று, சீக்கிரம் வரச் சொல்லி, கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். குச்சியைத் தாண்டிக் கரையேறிப் பையைக் கொடுத்தேன். டீச்சர் அதற்குள் டிரைவரிடம் ஒரு நிமிசம், ஒரு நிமிசம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் கடைசி சீட்.

பஸ் கொஞ்ச தூரம் போன பிறகு மாமா மூடியிருந்த கையை அப்பா முன்னால் திறந்தார். உள்ளே வாட்ச். கம்பெனியில் தூணுக்குப் பின்னால் நின்று பிடிப்பதுபோல, நான் குச்சியைத் தாண்டும்போது அழுத்தி, திரும்பி வந்து தாண்டும்போது மறுபடி அழுத்தியிருக்கிறார்.

“டீச்சர் முன்னாடிதான் இருக்காங்க, மச்சான். பேரு இன்னும் எழுதல. நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க.”

அப்பா வாட்சை வாங்கினார். ஒரு ஸ்டாப்பிங் போய் இன்னொரு ஸ்டாப்பிங் வந்தது. பூக்கூடையோடு நாலு பேர் ஏறினார்கள். மெதுவாகக் கேட்டார்.

“இதச் சொல்லிட்டா, நாளைக்கு எங்க நாப்பது என்னாவும் மாப்ள?”

அப்பா வாட்சின் தலையில் இருந்த பொத்தானை அழுத்தினார். முள் பூஜ்யத்துக்குப் போனது. வாட்சை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

நான் தலையைத் தூக்கவில்லை. வாட்ச் இருப்பது தெரியாமல் ஓடி மாட்டிக்கொண்டேன், வீட்டுக்குப் போனால் திட்டு விழும் என்று இருந்தேன். அப்பா திட்டவில்லை. மற்றவள் கிருஷ்ணகிரி போனாள். அவளுக்கு இரண்டு நாற்பத்து மூன்றுதான் ஆனது, இடம் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் நான் தளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரோஜாப்பூ கட்டப் போனேன். அப்பா முள்ளை அழித்தது என்னைக் காப்பாற்றத்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அழுத்துவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். சின்ன முள் ஒன்றைத் தாண்டியிருந்தது. பெரிய முள் பதினாலில். எழுபத்து நான்கு.