நாத்தனாரின் கிளவுஸ்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பசை என்று பெயர். கையில் பட்ட பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆஸ்பத்திரியின் பெண்கள் கிரிக்கெட் அணியில் வைத்த பட்டப்பெயர் அது. நாளடைவில், "பசைகிட்ட சொல்லி நாலு போர்வை வாங்கிட்டு வா" என்று வார்டு நர்ஸுகள்கூடச் சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது. நாள் முழுக்க ஈரப் படுக்கைவிரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து உதறிய கைகள் அவை. மணிக்கட்டு இரும்பு மாதிரி இருக்கும். ஸ்டம்புக்குப் பின்னால் அவள் குந்திவிட்டால் பந்து வீசுகிறவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும்.

பேட்டைக் கொடுத்தால் மட்டும் கதை வேறு. பத்தாவது ஆளாக இறங்குவாள். அவள் பேட் பிடிக்கும் அழகைப் பார்த்தால் துணி துவைக்கப் போகிறாளோ என்று தோன்றும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவளும்தான். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் வேண்டாமென்று அனுப்பிவிட்டு அம்மாவோடும் தம்பியோடும் நிம்மதியாக இருந்தவள். தம்பிக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்த நிம்மதிக்கு ஒரு குறையும் வரவில்லை.

தம்பி மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். நெடுநெடுவென்று உயரம், சிரித்தால் கண் சுருங்கிவிடும். அவள் வந்த புதிதில் ஒருநாள் எல்லோரும் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி பெருமை தாங்காமல் சொன்னான்.

"அக்கா, இவளும் கீப்பர்தான் தெரியுமா? காலேஜ் டீம்ல மூணாவதா இறங்கி வெளுத்து வாங்குவா."

பசையின் காதில் 'இவளும்' என்ற சொல் மட்டும் விழுந்தது.

ஆட்டத்தின் இடைவேளையில், உலகத்திலேயே சிறந்த கீப்பர் யார் என்று கோட்டுப் போட்ட இரண்டு பேர் அலசத் தொடங்கினார்கள்.

"அந்த இடதுகைக்காரர்தான்," என்றாள் தம்பி மனைவி. "ஏழாவதா வந்து ஆட்டத்தையே புரட்டிப் போட்டுட்டுப் போவாரே, அவருக்கு ஈடே கிடையாது."

"கீப்பரைப் பத்திப் பேசும்போது எதுக்குப் பேட்டை இழுக்கிறே?" என்றாள் பசை. "கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஸ்டம்பைத் தட்டுவாரே, கையைப் பின்னால கொண்டுபோகாமலே... அவர்தான் கீப்பர்."

"அவரும் நல்லா அடிப்பாரே அண்ணி! கடைசி ஓவர் வரைக்கும் நின்னு முடிச்சுக் குடுப்பாரே!"

பசை தன் பக்கம் பேச அழைத்து வந்த சாட்சியே எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். பழைய காலத்துக் கீப்பர்களைத் தேடிப் பிடித்தாள். ரன் அடிக்காவிட்டாலும் கைக்காக மட்டுமே அணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்றாள்.

"இப்ப அவங்களை யாரும் சேர்த்துக்க மாட்டாங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் பசைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றுகூடத் தெரியாத அம்மா, பட்டாணி உரித்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "பிடிக்கவும் பிடிச்சு, அடிக்கவும் அடிச்சா நல்லதுதானே? ஒரு ஆள் சோத்துல ரெண்டு ஆள் வேலை."

அந்த வருஷமே பசையின் ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். தம்பி மனைவிக்கு வேலை கிடைத்தது. வேலையோடு அணியிலும் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே அரைச்சதம் அடித்தாள். மறுநாள் அணித் தலைவி சலவைப் பிரிவுக்கு வந்தாள். அவள் எக்ஸ்ரே எடுப்பவள். எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. மடித்து வைத்திருந்த தலையணை உறைகளைக் காரணமில்லாமல் தடவிக்கொண்டே நின்றாள்.

"பசை, தப்பா நினைச்சுக்காதே."

"சொல்லுங்கக்கா."

"உன் தம்பி பொண்டாட்டி கீப்பிங் பண்ணட்டும். அவ பண்ணினா, வேணுங்கறப்ப உன் இடத்துல ஒரு பௌலரைச் சேத்துக்கலாம். ஆனா இப்பவே உன்னை வெளிய உக்கார வெக்க மனசு வரல. நீ ஸ்லிப்ல நின்னுக்கோ."

மனசு வரல என்றது பசையைச் சுட்டது. வெளியே உட்கார வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அணிக்குச் சொந்தமான கிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தம்பி மனைவி அதற்குள் விரல்களை நுழைத்துப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணி, உங்க கை எவ்வளவு பெரிசு! உள்ள துணி வெச்சுத் தைக்கணும் போலிருக்கே!"

ஸ்லிப் என்பது கீப்பருக்குப் பக்கத்து வீடு. ஒவ்வொரு பந்துக்கும் தன் கிளவுஸ் இன்னொருத்தி கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பந்து அவள் கையிலிருந்து நழுவினால் பசைக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும். 'விடு, இன்னொண்ணு விடு' என்று மனம் கேட்கும். அவளும் விடத்தான் செய்தாள். ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. "ரெண்டு கேட்ச் விட்டா என்ன, நாப்பது ரன் அடிச்சாளே!" என்று முதுகில் தட்டினார்கள். பசை தன் வாழ்நாளில் விட்ட கேட்சுகளுக்கு யாரும் முதுகில் தட்டியதில்லை.

தப்பு எங்கே என்று பசைக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சுழற்பந்து வரும்போது தம்பி மனைவி பந்து எழும்புவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாள். சொன்னால் ஒரு நாளில் சரியாகிவிடும். பசை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் பொறுக்க முடியாமல், "உக்காரு! எந்திரிக்காதே!" என்று தன்னையறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சீறிவிட்டாள். அவள்மேல் இருந்த அக்கறையால் அல்ல. நன்றாகச் செய்ய வேண்டியதை இப்படிச் செய்கிறாளே என்ற ஆத்திரத்தில். தம்பி மனைவி தாழ்ந்தாள், பந்தைப் பிடித்தாள், ஸ்டம்பைத் தட்டினாள். அவுட். எல்லோரும் ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். பசை ஓரமாக நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

அரையிறுதி நாள் காலையில் உடை மாற்றும் அறையில் இருவரும் மட்டும் இருந்தார்கள். தம்பி மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அண்ணி, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அவர்கிட்டகூட இன்னும் சொல்லல. நேத்து லேப்ல நானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்." கண் சுருங்கிற்று. "நீங்க அத்தையாகப் போறீங்க."

பசையின் மனசில் அத்தை என்ற சொல்லுக்கு முன்னால் கிளவுஸ்தான் வந்து நின்றது. அப்படி வந்ததை உணர்ந்ததும் காது சூடாகிப்போனது.

"அப்புறம் எதுக்குக் கால்ல பேடைக் கட்டிக்கிட்டு நிக்கிறே?"

"இன்னிக்கு ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கறேன். அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்."

"பந்து வயித்துல பட்டா?"

"படாம பார்த்துக்கறேன்."

"நீ பிடிக்கிற லட்சணத்துக்கா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். தம்பி மனைவியின் முகம் இறுகியது. பசை கதவைத் திறந்துகொண்டு நேராக எக்ஸ்ரே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எக்ஸ்ரே அக்கா கர்ப்பிணிகளைத் தன் அறைக்குள் விடாமலே பழகியவள். மறுபேச்சில்லாமல் ஆளை மாற்றினாள்.

தம்பி மனைவி கிளவுஸைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குழந்தைக்காகச் சொன்னீங்களா, கிளவுஸுக்காகச் சொன்னீங்களா?"

பசை பேடைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ரெண்டுக்கும்னு வெச்சுக்கோ."

அன்றைக்குப் பசை ஆடியது போல் அதற்கு முன் ஒருநாளும் ஆடியதில்லை. இரண்டு ஸ்டம்பிங். இடது பக்கம் முழு உடம்பும் பாய்ந்து தரையோடு தரையாக ஒரு கேட்ச். கீப்பரைத் தாண்டிப் போகும் பை ரன் என்று எதிரணிக்கு ஒன்றுகூடப் போகவில்லை. பிறகு பேட்டிங் வந்தது. ஒவ்வொருத்தியாகப் போனார்கள், வந்தார்கள். கடைசி இரண்டு பந்தில் ஐந்து ரன் வேண்டியிருந்தபோது பசை உள்ளே போனாள். முதல் பந்தைத் தொடவேயில்லை. இரண்டாவது பந்து நடு ஸ்டம்பைப் பெயர்த்தது.

திரும்பும் வேனில் யாரோ பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்கள்: "அந்த லேப் பொண்ணு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்." உண்மைதான். பசை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோற்றது வலித்தது. ஆனால் இல்லாத இடத்திலும் அவளே ஜெயிக்கிறாளே என்பது அதைவிட வலித்தது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தம்பிக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பசைக்கும் தம்பி மனைவிக்கும் இடையில் மட்டும் பேச்சு நின்றுபோயிற்று. சாப்பாட்டு நேரத்தில், "உங்க அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளுங்க," என்பாள் அவள். "வேணாம்னு சொல்லு," என்பாள் பசை. நடுவில் தம்பி தபால்காரன் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பான்.

வயிறு மேடிட்டுத் தெரிய ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் தம்பி மனைவி சலவைப் பிரிவுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைக் கோட்டு. மெஷின் அப்போதுதான் ஓடி முடித்திருந்தது.

"இதுல கறை போகல."

பசை வாங்கிக்கொண்டாள். அவள் போகவில்லை.

"எனக்கு இன்னும் கோபம் தீரல."

"தீர வேணாம்."

"ஆனா அன்னிக்கு இடது பக்கம் பாய்ஞ்சு ஒண்ணு பிடிச்சீங்களே..." பசையின் கையிலிருந்த கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினாள். "எல்லாரும் கை தட்டினாங்க, நான் தட்டல. பெஞ்சுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு அண்ணி. நான் எத்தனை ரன் அடிச்சாலும் அந்தப் பந்தை என்னால பிடிக்க முடியாது. அவ்வளவு பொறாமையா இருந்துச்சு."

பசையின் உள்ளுக்குள் ஏதோ இளகிற்று. நல்லவர்களுக்கு அந்த நேரத்தில் இரக்கம் வந்திருக்கும். அவளுக்கு வந்தது சுத்தமான சந்தோஷம். இத்தனை மாதமாகத் தான் தனியாகச் சுமந்ததில் பாதியை இன்னொருத்தி சுமந்திருக்கிறாள். அதையும் இவளே வந்து, தன் வாயால் சொல்கிறாள்.

"என்ன சொன்னே?" என்றாள் பசை. "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

தம்பி மனைவி ஓடாமல் நிற்கும் மெஷினைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, துணி மடிக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்க, இன்னொரு தடவை சொன்னாள்.