நூற்றுப்பத்தா, இருநூற்றிருபதா

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

கோவில்பத்தில் வீட்டு முன்னறையில் டிவி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறேன். போன மழைக்குப் பிறகு திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வந்தார். என்னைவிடப் பெரியவர். தையல் மெஷின் பெட்டி அளவில், கைப்பிடி வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மேஜையில் வைத்தார். அவருடைய மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்ததாம். பள்ளிவாசல் மையவாடியில் யாரை எங்கே அடக்கியிருக்கிறது என்ற பட்டியலை மாமாதான் அதில் ஏற்றி வைத்திருந்தார். பட்டியல் எழுதியிருந்த பழைய நோட்டுப் புத்தகம் மழையில் ஊறிப்போய்விட்டது. மாமாவும் இப்போது இல்லை. அங்கே அடக்கிய இடங்களில் பேர் வெட்டிய கல்லும் கிடையாது.

"உம்மா மௌத்தானப்ப நான் சவூதியில இருந்தேன் தம்பி. எந்த இடம்னு தெரிஞ்சா நின்னு ஒரு ஸலாம் சொல்லுவேன்."

இந்த மாதிரி மெஷினைத் தொட்டதே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டேன்.

சவூதிச் சாமான் என்றால் நூற்றுப்பத்து வோல்ட்டாக இருக்கலாம் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்க் கரண்டில் சொருகினால் ஒரே புகை. பின்னால் இருந்த ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தது. முதலில் மாமா வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் பெட்டி வைத்து ஓட்டினாராம். பிறகு எப்படி ஓட்டினார் என்று பாய்க்குத் தெரியவில்லை. நான் நூற்றுப்பத்தே கொடுத்துப் பார்த்தேன். டிக் டிக் என்று ஒரு சத்தம், வேறொன்றுமில்லை. இருநூற்றிருபதுக்கு மாற்றியிருப்பார்களா, இல்லை செத்தே போய்விட்டதா? அன்று சோறு இறங்கவில்லை.

பதினோரு நாள் செல்போனில் தேடினேன். மூடியை எப்படித் திறப்பது என்று சொல்லும் புத்தகங்களே வந்தன. கடைசியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருந்தார். சில பக்கங்களில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. பவர் சப்ளை படத்தை மட்டும் காரைக்கால் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்தேன். ஒரு சின்னக் கம்பி இருந்தால் நூற்றுப்பத்து, வெட்டியிருந்தால் இருநூற்றிருபது என்று இருந்தது.

திறந்து பார்த்தேன். கம்பி அறுந்திருந்தது. ஆனால் முனையில் பச்சை பூத்திருந்தது. கட்டரால் வெட்டியதா, கடல் காற்று தின்றதா? எப்படி அறுந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்று மூளை சொன்னது. கை கேட்கவில்லை. உள்ளே பலகையில் அச்சடித்திருந்த மாடல் எண்ணுக்கும் புத்தகத்தில் போட்டிருந்ததற்கும் கடைசி எழுத்து வேறு.

பாயை வரச் சொன்னேன். தனியாகச் செய்யத் தைரியமில்லை. இருநூற்றிருபது கொடுக்கும்போது கரண்ட் ஒரேயடியாகப் பாயாமல் இருக்க நடுவில் ஒரு நூறு வாட் பல்பைக் கோத்தேன். உள்ளே தவறென்றால் பல்பு முழுசாக எரிந்தபடியே இருந்து காட்டிக்கொடுக்கும்; சரியென்றால் ஒரு தடவை எரிந்து மங்கிவிடும்.

"என்ன, பாம்புப் பெட்டியா? இவ்வளவு தள்ளி உக்காந்திருக்கீங்க" என்றார்.

"கொத்தினா உங்க உம்மா இடம் போயிடும் பாய். எனக்கு இந்த மெஷின் தெரியாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் சிரிப்பு நின்றது. "போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா போடுங்க." பிஸ்மில்லா சொன்னார்.

போட்டேன். பல்பு பளீரென்று எரிந்தது. பிறகு மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். உள்ளே எதுவோ உறுமிற்று. ஆரஞ்சு நிறத்தில் எழுத்துகள் வந்தன. போட்டதும் பட்டியலே வரும்படி மாமா வைத்திருந்தார். பாய் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். உம்மா பேருக்கு நேராக இருந்தது: மேற்குச் சுவரிலிருந்து ஏழாவது வரிசை, கிணற்றுப் பக்கம் மூன்றாவது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் செல்போனில் படம் எடுத்தார். கருகல் வாடை வருவதுபோல் இருந்ததால் நான் அவசரமாக அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை போட்டேன், ஓடவில்லை. மதியம் பாய் போன் செய்து, போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். மெஷின் ஓடவில்லை, மற்ற பக்கங்களை நாங்கள் படம் எடுக்கவும் இல்லை, மற்றவர்கள் இடமெல்லாம் அதோடு போயிற்று என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.