அச்சில் இருந்த நூல்

காவிரி வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், குமாரபாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் தறிக்குழியில் இறங்கினேன். தொண்டர்களாய்ச் சென்ற நாங்கள் நால்வரும் காலைமுதல் வீடுவீடாகச் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். மண்வெட்டி பிடித்த விரல்கள் விரியவில்லை. வீட்டுக்காரர் கூரைக்கு ஓலை தேடிப் போயிருந்தார். தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல் சேறேறி நைந்து கிடந்தது. நன்மை செய்வதாக எண்ணி அதை அறுத்தேன். இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சில் சிக்கியிருந்த துண்டுகளையும் ஒன்றுவிடாமல் உருவி எறிந்தேன்.

திரும்பி வந்தவர் வெற்று அச்சைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சாமி, அச்சுல இருந்ததையுமா உருவிப்போட்டீங்க? அந்த முனையிலதானுங்க புதுப்பாவைப் பிணைக்கோணும்."

"நைஞ்சதுன்னு நெனச்சேனுங்க."

"நைஞ்சாலும் புது இழையை அச்சுக்குள்ள ஒருதடவ இழுக்கத் தாங்குமுங்க. அந்தப் புதுப்பாவை வெள்ளத்துல தலையில சொமந்து காப்பாத்தினேன், நாளைக்கே தறியில ஏத்தலாம்னு. இனி ஆயிரம் இழையையும் ஒவ்வொண்ணாக் கோக்கோணும். வெள்ளங்கூட அதை உட்டுட்டுத்தானுங்க போச்சு."

சினக்கவும் அவரிடம் வலு இல்லை. புதுப்பாவை எடுத்துவந்து தறியருகே வைத்து, "அச்சுக்கு அந்தப் பக்கம் உக்காருங்க. நான் நீட்டறேன், நீங்க இழுங்க" என்றார்.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அமர்ந்தேன். அவர் நீட்டிய முதல் இழை, விரியாத என் விரல்களிலிருந்து இருமுறை நழுவியது. மூன்றாம் முறையும் அதையே நீட்டினார்.