யோசெப்பின் அக்கா சொல்லாத பெயர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கைப் பிள்ளைகள் 'அருள் நிறைந்த மரியே' என்ற செபத்தை 'நிறைந்த மரியே' என்றுதான் தொடங்குவார்கள். முதற்சொல் கிடையாது. புதிதாக வந்த குருவானவர் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். "இவையளுக்கு ஆர் செபம் படிப்பிச்சது?" என்று என்னிடம் கேட்டார். வேறு யார், யோசெப்பின் என்கிற எங்கள் ஒழுங்கை அக்காதான்.

அக்காவின் கணவர் பெயர் அருளப்பு. கணவன் பெயரை மனைவி வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பது அக்காவின் அசையாத நம்பிக்கை. பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் ஒரு துண்டு இருக்கும் சொல்லையும் சொல்லமாட்டார். யாராவது கணவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். அவர் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து, சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கொழும்பில் இரண்டு அறை வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்த மனுசி. காலையில் இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். பின்னேரம் வீடு வீடாகச் செபமாலை. அவர் முன்னால் சொல்ல நாங்கள் பின்னால் சொல்லுவோம். அந்த முதற்சொல் வரும் இடத்தில் ஒரு மூச்சை விழுங்கிவிட்டு மேலே போவார்.

"மாதா கோபிக்கமாட்டாவா அக்கா?" என்று ஒருநாள் சீண்டிப் பார்த்தேன்.

"மாதாவும் ஒருத்தருக்குப் பெண்சாதிதானே, றேமண்ட். அவவுக்கு விளங்கும்."



தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு வருடம், மெல்பேர்னிலிருந்து ஹாரிஸ் என்றொரு பெரியவரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். குருவானவர் அல்ல, பேரப்பிள்ளைகள் கண்ட குடும்பத்துக்காரர். நாடு நாடாகப் போய்க் கோயில்களில் திருமண வாழ்வைப் பற்றியும் தலைமைத்துவத்தைப் பற்றியும் கருத்தரங்கு நடத்துவதுதான் அவர்கள் செய்த ஊழியம். வெள்ளவத்தையில் முடித்துக்கொண்டு எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். வெள்ளி பின்னேரம் தொடக்கம், ஞாயிறு பூசைக்குப் பிறகு முடிவு. மொழிபெயர்க்க என்னைப் பிடித்துவிட்டார்கள். துறைமுகத்தில் கிளாக் வேலை, இங்கிலிஷ் தெரியும். வேறு தகுதி ஒன்றும் இல்லை. தலை நரைக்கத் தொடங்கியும் கலியாணம் முடிக்காத ஒருவன் கலியாணத்தைப் பற்றி மொழிபெயர்க்கிறான்! ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இருந்த மண்டபத்தை ஹாரிஸ் வந்தவுடனே கலைத்துப்போட்டார். புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே நின்று, கையைப் பிடித்து, ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு ஒருவழியாகச் சொன்னார்கள். அருளப்பு அண்ணன் தன் சேட் பொத்தானைப் பார்த்து "யோசெப்பின்" என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றார் அக்கா.

என்ன சொன்னார் என்று ஹாரிஸ் என்னிடம் கேட்டார். "இங்கே பாருங்கள் என்கிறா" என்று சொல்லைச் சொல்லாகவே மொழிபெயர்த்தேன். மனுசன் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், கூரையையும் ஒருதரம் பார்த்தார். மண்டபம் சிரித்து அடங்க நேரம் எடுத்தது. பிறகு வழக்கத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அன்பின் முதற்படி, ஞாயிறு வரை நேரம் இருக்கிறது, முயன்று பாருங்கள் என்று பரிவோடுதான் சொன்னார்.

"அவருக்குச் சொல்லு, றேமண்ட்" என்றார் அக்கா. "இவர் கனகாலம் இருக்கவேணும் எண்டுதான் நான் சொல்லாமல் இருக்கிறன்." அதை நான் இங்கிலிஷில் ஆக்குவதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது.

அன்றிரவே எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. எங்கோ குண்டு வெடித்தால் எங்கள் கதவில் தட்டு விழும். அது அந்தக் காலத்து வழக்கம். அருளப்பு அண்ணனின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். அது போதுமே, சந்தேகத்தில் கொண்டுபோய்விட்டார்கள்.

விடிந்ததும் அக்கா என் வாசலில் நின்றார். அழவில்லை. "லொறியில ஏத்தி எங்கயோ அனுப்பப் போகினமாம். நீ வந்து கதை" என்றார். தமிழன் நான் தனியப் போய்க் கதைத்தால் என்னையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். அதனால், அண்ணன் வேலை செய்த ஹாட்வெயார் கடை முதலாளி மஷூரையும் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல மனுசன், கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

பொலிஸ் நிலைய வாசலில் பெண்கள் கூட்டம். மஷூர் முதலாளி சிங்களத்தில் மஹத்தயா, மஹத்தயா என்று அதிகாரியிடம் மன்றாடினார். என் கடை ஆள், நான் பொறுப்பு என்றார். அதிகாரி ஆளின் பெயரைக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். அதிகாரிக்குச் சலிப்பு. லொறி வெளிக்கிடப் போகிறது, பெண்சாதி மட்டும் உள்ளே போகலாம், அவள் கூப்பிட்டு இறங்கி வருகிற ஒருவனைக் கொண்டுபோங்கள் என்றார். லொறியில் ஏறிப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

முற்றத்தில், நாலு பக்கமும் தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய லொறி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அக்கா மட்டும் அதன் பின்னால் போய் நின்றார்; நாங்கள் கேற்றுக்கு வெளியே.

"இஞ்சாருங்கோ!"

"ஓம்" என்றது ஒரு குரல். "ஓம், ஓம், இஞ்ச நிக்கிறன்." "என்னப்பா, வந்திட்டீரோ?" "ஓம்!" லொறி முழுவதும் குரல்கள். உள்ளே இருந்த அத்தனை புருஷன்மாருக்கும் வீட்டில் அதுதானே பெயர். ஒவ்வொருவரும் தன் பெண்சாதிதான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

இவளுக்கு எத்தனை புருஷன் என்று அதிகாரி கேட்க, காவலுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். சாரதி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க, கேற்றடியில் நின்றவன் துவக்கை அசைத்தான். அக்காவுக்குப் பக்கத்தில் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

அந்தப் பெயரை அக்கா அதுவரை ஒரேயொரு தரம்தான் சொல்லியிருந்தார், கலியாணத்தன்று, பீடத்துக்கு முன்னால். அதுவும் குருவானவருக்கே கேட்கவில்லையாம். சொன்னால் அவர் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார். அக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

"அருளப்பு!"

அந்த எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. செபமாலை சொல்லிச் சொல்லி உரமேறிய குரல். லொறிக்குள் அத்தனை பேரும் கப்பென்று அடங்கினார்கள். அது தன் பெயர் இல்லை என்று தெரிந்த ஒவ்வொருவனும், தன்னையும் கூப்பிடு என்று கத்தவேண்டிய நேரத்தில், ஒருவனுக்காக வாயை மூடிக்கொண்டான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது பெரிய அதிசயம்தான்.

பிறகு ஒரு குரல், உடைந்துபோய் வந்தது. "ஏனப்பா பேரைச் சொன்னனீர்?"

அவரை இறக்கிவிட்டார்கள். மற்ற 'ஓம்'கள் எல்லாம் லொறியோடு போயின.

அன்று பின்னேரம் செபமாலை லொறியோடு போனவர்களுக்காக. மணியைப் பிடித்துக்கொண்டு அக்கா தொடங்கினார். முதற்சொல் வந்த இடத்தில் பழையபடி மூச்சை விழுங்கினார். பெரியவர்கள் நாங்கள் வழக்கமாக அந்தச் சொல்லைச் சொல்லுவோம். அன்று நாங்களும் விழுங்கினோம்.

ஞாயிறு, ஹாரிஸ் மறக்கவில்லை. சோடி சோடியாக எழுப்பினார். அருளப்பு அண்ணன் பொத்தானைப் பார்க்கவில்லை. முகத்தை நேரே பார்த்து "யோசெப்பின்" என்றார். அக்கா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில், அண்ணன் கூட்டிவந்திருந்த மஷூர் முதலாளி கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். ஹாரிஸ் என் பக்கம் குனிந்து, என்ன சொன்னா என்று கேட்டார்.

"அவருடைய பெயரைச் சொன்னா" என்று மொழிபெயர்த்தேன்.